அக்கா பாரிசில் இருப்பதை விசாப் படிவத்தில் எழுதுவதா, மறைப்பதா?

அச்சகத் தம்பி (கொக்குவில்), ஜனவரி 11

எல்லோருக்கும் வணக்கம். கொக்குவிலில் சின்ன அச்சகம் ஒன்று நடத்துகிறேன். கலியாணக் கார்ட், கோயில் நோட்டீஸ், அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம், இதுதான் வேலை. வயது 41. மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்னோடு. அக்கா 2008ல் பிரான்சுக்குப் போனவர். அன்றிலிருந்து அவர் முகத்தை வீடியோவில்தான் பார்க்கிறேன். ஓகஸ்ட் கடைசியில் பாரிஸ் மாணிக்க விநாயகர் தேர் வருகிறது. அதைச் சாட்டி மூன்று கிழமை போய் நின்றுவிட்டு வரலாம் என்று ஆசை.

போன வருடம் ஒரு தடவை விசாவுக்குப் போட்டு மறுத்துவிட்டார்கள். நடந்ததை அப்படியே சொல்கிறேன். டவுனில் ஒரு ஏஜென்சிக்காரர், "அக்கா அங்கே இருக்கிறார் என்று எழுதினால் நீ திரும்பமாட்டாய் என்று நினைப்பார்கள். பிரான்சே வேண்டாம். வேறு நாட்டுக்குச் சுற்றுலா என்று போடுவோம், விசா கிடைத்ததும் பாரிசில் போய் இறங்கு" என்றார். எந்த நாடு என்பது இங்கே தேவையில்லை. பத்து நாள் ஹோட்டல் புக்கிங் அவரே எடுத்துத் தந்தார். கணக்கில் காசு காணாது என்றதால் சித்தப்பாவிடம் 18 லட்சம் வாங்கிப் போட்டேன்.

பதினாறாம் நாள் பாஸ்போட் வந்தது. உள்ளே ஒரு தாள், இரண்டு பெட்டியில் புள்ளடி. பயணத்தின் நோக்கம் பற்றிச் சொன்னது நம்பத்தக்கதாக இல்லை என்பது ஒன்று. விசா முடிய முதல் வெளியேறுவீர்கள் என்பதில் நியாயமான சந்தேகம் உண்டு என்பது மற்றது. 90 யூரோக் கட்டணம், விண்ணப்ப நிலையத்துக்குக் கட்டினது, கொழும்புக்குப் போய் வந்த செலவு, ஏஜென்சிக்காரருக்குக் கொடுத்தது, எல்லாம் போனது போனதுதான்.

இனி மறுபடி போடலாமா? போட்டால் அக்காவைக் காட்டுவதா, இல்லையா? ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.


சுன்னாகம் சிங்கம், ஜனவரி 11

காட்டாதே மச்சான். என்னுடைய ஒன்றுவிட்ட அண்ணை மறைத்துத்தான் போனவர், போய் ஒழுங்காக வந்தும் விட்டார். எங்கட ஆட்களுக்கு அங்கே சொந்தம் இருக்கிறது என்று கேட்டாலே அவர்களுக்குப் பயம். நீ விட்ட பிழை காசுதான். 18க்குப் பதிலாக 40 போட்டிருக்கவேண்டும்.


பழைய காசாளர் (நல்லூர்), ஜனவரி 12

சிங்கம் தம்பி கோபிக்கக்கூடாது, அந்த 40 போட்டிருந்தால் இன்னும் வேகமாக மறுத்திருப்பார்கள்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன். விசாவுக்கு என்று கடிதம் கேட்டு வருபவர்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். எல்லோரும் கேட்பது மீதி எவ்வளவு என்று ஒரு கடிதம். தூதரகத்தில் இருப்பவர் பார்ப்பது அதை அல்ல, ஸ்டேட்மென்ட்டை. மூன்று மாதம், ஆறு மாதம் இந்த மனிதன் எப்படிச் சீவித்தான் என்று அதில் தெரியும்.

அச்சகத் தம்பி, உங்களுடைய போன வருட ஸ்டேட்மென்ட்டை எடுத்து, காசு வந்து விழுந்த இடத்தின் மேலேயும் கீழேயும் உள்ள வரிகளை இங்கே எழுதுங்கள் பார்ப்போம். கணக்கிலக்கம் வேண்டாம்.


அச்சகத் தம்பி, ஜனவரி 12

எடுத்துப் பார்த்தேன் ஐயா. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மின்சாரக் கட்டணம் 11,340. தாள் வாங்கிய காசோலை 64,500. மீதி 43,210. அதற்கு அடுத்த வரி, காசு வைப்பு 1,800,000. மீதி 1,843,210. அதற்குப் பிறகு ஒன்பது நாள் ஒன்றுமே இல்லை. ஒன்பதாம் நாள் ஸ்டேட்மென்ட் எடுத்த கட்டணம் 500 ரூபா.


பழைய காசாளர், ஜனவரி 12

சரி, இப்போது நீங்களே அந்தக் கதிரையில் இருந்து பாருங்கள். கொக்குவில் எங்கே இருக்கிறது என்றும் தெரியாது, உங்கள் அச்சகத்தைக் கண்டதும் இல்லை. கையில் இருப்பது இந்தத் தாள் மட்டும்தான். 43 ஆயிரம் ரூபா மீதி உள்ள ஒருவர், எங்கிருந்து வந்தது என்று தெரியாத 18 லட்சத்தைப் போட்டுவிட்டு, சொந்தம் ஒருவரும் இல்லாத நாட்டுக்குத் தனியாகப் பத்து நாள் ஹோட்டலில் நிற்கப் போகிறாராம். மனைவியும் பிள்ளைகளும் வரவில்லையாம். நான் அந்த இடத்தில் இருந்தாலும் புள்ளடிதான் போடுவேன்.

அது கிடக்க, ஒன்று கேட்கிறேன். அச்சகத்துக்கு மாதம் 64 ஆயிரத்துக்குத் தாள் வாங்குகிறவருக்கு வருமானம் இல்லாமல் இருக்காது. அந்தக் காசு எங்கே?


அச்சகத் தம்பி, ஜனவரி 13

மேசை லாச்சிக்குள் ஐயா. சனம் காசாகத்தான் தருகிறது. அதிலேயே சம்பளம், அதிலேயே வீட்டுச் செலவு, மிச்சம் சீட்டுக்கு.


பழைய காசாளர், ஜனவரி 13

யாழ்ப்பாணத்து வியாபாரிகளில் பாதிப்பேரின் கதை இதுதான். உழைப்பு இருக்கும், கடதாசியில் இராது. ஓகஸ்டுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. பயணத் திகதிக்கு ஆறு மாதம் முன்னரே விண்ணப்பம் கொடுக்கலாம், கடைசி 15 நாளாவது முன்னர் கொடுத்தாகவேண்டும். நீங்கள் அவசரப்படாமல் ஜூனில் போடுங்கள்.

இன்றிலிருந்து லாச்சிக் காசை இரண்டு நாளுக்கு ஒருக்கால் வங்கியில் போடுங்கள். 7,000 என்றாலும் போடுங்கள். சம்பளத்தை வங்கி மூலம் கொடுங்கள். வேலையாட்களுக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறீர்களா? கட்டினால் அந்தப் பற்றுச்சீட்டு ஒவ்வொன்றும் பத்திரம். ஒருவன் மாதாமாதம் தன் வேலையாட்களுக்குச் சேமலாப நிதி கட்டுகிறான் என்றால், அவனுக்குத் திரும்பி வர ஒரு கடை இருக்கிறது என்று அர்த்தம். காணி உறுதியை விட அது நன்றாகக் கதைக்கும். காணி எங்கேயும் ஓடாது, ஆள் இல்லாவிட்டாலும் அங்கேயே கிடக்கும் என்று அவர்களுக்கும் தெரியும்.


பருத்தித்துறை ரீச்சர், ஜனவரி 13

ஐயா காசுப் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நான் சொந்தக்காரர் பக்கத்தைச் சொல்கிறேன்.

நான் போன வருடம் தம்பியின் மகளின் சாமத்திய வீட்டுக்குச் சுவிஸ் போய் வந்தேன். 22 நாள். தம்பி அங்கே இருப்பதை எழுதித்தான் போட்டேன். எழுதாமல் நான் ஏன் சுவிசுக்குப் போகிறேன் என்று எதைச் சொல்லுவேன்? பனி பார்க்கவா? பருத்தித்துறையில் இருந்து ஒரு 52 வயது ஆசிரியை பங்குனி மாதம் தனியாகப் பனி பார்க்கப் போகிறார் என்றால் என் மாணவர்களே நம்பமாட்டார்கள்.

தம்பி தன் கொமூனில், அதாவது ஊர்ச் சபையில், உத்தரவாதப் படிவம் கையெழுத்து வைத்தார். 30,000 பிராங் வரைக்குமான பொறுப்பு அது, விளையாட்டில்லை. மண்டபம் பதிவு செய்த பற்றுச்சீட்டு, அழைப்பிதழ் எல்லாம் இணைத்தேன். என் பக்கத்தில் அதிபரின் கடிதமும் வெளிநாட்டு விடுமுறை அனுமதியும். அரச வேலையில் இருப்பவர்கள் அந்த அனுமதிக்கு முதலே ஓடத் தொடங்குங்கள், கல்வி வலய அலுவலகத்தில் இருந்து அது அசைந்து வருவதற்குள் மனிதருக்கு உயிர் போய்விடும்.

தம்பி, உங்கள் ஏஜென்சிக்காரர் செய்தது விதிக்கே பிழை. ஷெங்கன் என்பது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு, அதில் இப்போது 29 நாடு. கூடுதல் நாள் எந்த நாட்டில் நிற்கிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்கவேண்டும். இரண்டு நாட்டில் சரிக்குச் சரி நாள் என்றால் முதலில் நுழைகிற நாட்டிடம். பாரிசில் மூன்று கிழமை நிற்கப் போகிறவர் வேறு நாட்டில் கேட்டால், கிடைத்தாலும் பாரிஸ் விமான நிலையத்தில் வைத்துக் கேள்வி வரும். "ஹோட்டல் எங்கே, எப்போது அங்கே போகிறீர்" என்று கேட்டால் அக்கா வீட்டு விலாசத்தையா சொல்வீர்கள்?


சுன்னாகம் சிங்கம், ஜனவரி 14

ரீச்சர் அரச உத்தியோகம், பென்சன் இருக்கிறது, கொடுப்பார்கள். எங்களைப்போல ஆட்களுக்கு? என் சிநேகிதன் ஒருவன் உண்மையை மட்டும்தான் எழுதினான். அண்ணன் நோர்வேயில், ஸ்பொன்சர் கடிதம், எல்லாம். இல்லை என்றுவிட்டார்கள்.


பருத்தித்துறை ரீச்சர், ஜனவரி 14

அவருக்கு வயது என்ன, கலியாணம் முடிந்ததா, வேலை என்ன?


சுன்னாகம் சிங்கம், ஜனவரி 14

24. இல்லை. இல்லை.


பருத்தித்துறை ரீச்சர், ஜனவரி 14

அதுதான். உண்மையை எழுதினால் கட்டாயம் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. வேலையில்லாத 24 வயதுப் பெடியனுக்கு எதை எழுதினாலும் கஷ்டம். அது அநியாயம் என்றே நானும் நினைக்கிறேன், ஆனால் அப்படித்தான் இருக்கிறது. அவர் பொய் எழுதியிருந்தால் மட்டும் கொடுத்திருப்பார்களா? இப்போது குறைந்தது அடுத்த தடவைக்கு அவர் பெயரில் பொய் ஒன்றும் பதிவாகி இருக்காது.


லாச்சப்பல் பெடியன் (பாரிஸ்), ஜனவரி 15

ரீச்சர் சொன்ன பதிவு பற்றி ஒரு விளக்கம். கைரேகையும் படமும் எடுத்தது ஒரு நாட்டுக்காக என்றாலும் அது போய்ச் சேருவது எல்லா ஷெங்கன் நாட்டுக்கும் பொதுவான விசாத் தரவுத்தளத்துக்கு. மறுத்ததும் அங்கே இருக்கும், ஐந்து வருடத்துக்கு. ஆகவே அச்சகத்து அண்ணை இம்முறை பிரான்சுக்குப் போடும்போது, போன தடவை வேறு நாட்டில் மறுத்ததை அவர்கள் திரையில் காண்பார்கள். மறைக்க வழியே இல்லை, நீங்களே கடிதத்தில் சொல்லிவிடுங்கள். ஒரு பந்தி போதும். மறுத்த தாளின் பிரதியையும் வையுங்கள்.

இன்னொன்று, ஒருக்கால் மறுத்தால் இத்தனை மாதம் பொறுக்கவேண்டும் என்று ஊரில் ஒரு கதை உலாவுகிறது. அப்படி விதி இல்லை. பிரான்ஸ் மறுத்தால் 30 நாளுக்குள் நாந்த் நகரில் இருக்கும் விசாப் பிரிவுக்கு மேன்முறையீடு எழுதலாம். ஆனால் கோப்பு பலவீனமாக இருந்தால் முறையிட்டுப் பயனில்லை, திருத்திப் புதிதாகப் போடுவதே மேல்.

இனி அக்கா செய்யவேண்டியது. தன் ஊர் மேரிக்கு, அதாவது நகரசபைக்குப் போய் "அத்தெஸ்தாசியோன் தக்கோய்" என்கிற வரவேற்புச் சான்று எடுக்கவேண்டும். வெறுமனே "என் தம்பி வருகிறான், நான் பார்த்துக்கொள்வேன்" என்று கையால் எழுதின கடிதம் செல்லாது. வாடகை ஒப்பந்தம், சம்பளத் துண்டு, அடையாள அட்டை கொண்டு போகவேண்டும், 30 யூரோ முத்திரை. வீட்டின் அளவும் பார்ப்பார்கள். சில மேரியில் அதற்கே அப்பொயின்ட்மென்ட் ஒரு மாதம் தள்ளித்தான் கிடைக்கும். மூலப்பிரதி உங்கள் கைக்கு வரவேண்டும், வட்ஸ்அப்பில் அனுப்பின படம் காணாது. ஊருக்கு வருகிற ஆட்களிடம் கொடுத்துவிடுங்கள், அல்லது கூரியர்.

இந்தச் சான்று இருந்தால் ஹோட்டல் தேவையில்லை. காட்டவேண்டிய காசும் குறையும். ஹோட்டல் புக்கிங்கோடு வருபவர் நாளுக்கு 65 யூரோ, ஒரு புக்கிங்கும் இல்லாதவர் 120, சான்றோடு வீட்டில் தங்குபவர் 32.50. 24 நாளுக்குக் கணக்குப் பார்த்தால் 780 யூரோதான். சித்தப்பாவின் 18 லட்சம் எதற்கு?


அச்சகத் தம்பி, ஜனவரி 15

780 என்று வாசித்ததும் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டேன். அக்காவை மறைத்ததால்தான் அந்த 18 லட்சமே தேவைப்பட்டது என்று இப்போது விளங்குகிறது.

ஒரு பயம். அக்கா அகதி அந்தஸ்தில் போனவர், பத்து வருடக் கார்ட் வைத்திருக்கிறார், பிரெஞ்சுக் குடியுரிமை எடுக்கவில்லை. அவர் இந்தச் சான்று எடுக்கலாமா?


லாச்சப்பல் பெடியன், ஜனவரி 15

தாராளமாக. சட்டப்படி வதிவிட அட்டை இருந்தால் எடுக்கலாம். நான் என் அம்மாவுக்கு எடுத்தபோது எனக்கும் பத்து வருடக் கார்ட்தான்.


நிலா (திருநெல்வேலி), ஜனவரி 19

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கனடாவுக்குப் படிக்கப் போகிறேன், பிராங்போர்ட்டில் விமானம் மாறவேண்டும். வெளியே போகமாட்டேன். அதற்கும் விசா எடுக்கவேண்டுமா?


லாச்சப்பல் பெடியன், ஜனவரி 19

இலங்கைப் பாஸ்போட் வைத்திருப்பவருக்கு விமான நிலையத்துக்குள் மாறுவதற்கும் இடைமாறல் விசா வேண்டும், அப்படி விசா எடுக்கவேண்டியவர்கள் என்று எல்லா ஷெங்கன் நாட்டுக்கும் பொதுவாக உள்ள பட்டியலில் நாங்கள் இருக்கிறோம். ஆனால் செல்லுபடியான கனடா விசா கையில் இருந்தால் விலக்கு உண்டு. ரிக்கெற் எடுக்க முதல் விமானக் கொம்பனியிடமும் கேட்டு உறுதிப்படுத்துங்கள், கவுண்டரில் நிற்பவருக்கு விதி தெரியாவிட்டால் அழவேண்டி வரும்.


அச்சகத் தம்பி, மார்ச் 8

ஐயா சொன்னபடி வங்கியில் போட்டு வருகிறேன். வங்கிப் பிள்ளை என்னைக் கண்டதும் சிரிக்கிறது, "அண்ணை இன்றைக்கும் 6,500ஆ?" என்று.

இப்போது வேறொரு சிக்கல். அக்காவும் நானும் சகோதரர் என்பதை எப்படிக் காட்டுவது? என் பாஸ்போட்டில் அப்பாவின் பெயர் ஒரு எழுத்துக்கூட்டல். அக்காவின் பிரெஞ்சு அட்டையில் அதே பெயர் வேறு எழுத்துக்கூட்டல், அதோடு அத்தானின் பெயரும் சேர்ந்து நிற்கிறது. பார்த்தால் இரண்டு வேறு குடும்பம்.


பருத்தித்துறை ரீச்சர், மார்ச் 8

இது எங்கள் எல்லோருக்கும் உள்ள வருத்தம். குடும்பப் பெயர் என்று ஒன்று எங்களிடம் கிடையாது. அப்பா பெயர்தான் முன்னால் நிற்கும். வெள்ளைக்காரனின் படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்துக்குள் அப்பா போய் உட்காருவார், கலியாணம் முடித்த பெண்ணுக்கு அந்தக் கட்டத்துக்குள் புருஷன் வருவார். அதற்கு மேலே, எழுதினவர் கையின் போக்கில் ஒரு எழுத்துக் கூடும், குறையும். எனக்கும் தம்பிக்கும் இதே பிரச்சினை வந்தது.

உங்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழும் எடுங்கள். இரண்டிலும் அப்பா அம்மா பெயர் தமிழில் ஒன்றாகவே இருக்கும். இரண்டையும் ஒரே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, ஒரே எழுத்துக்கூட்டலில் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். இரண்டு பேரிடம் கொடுத்தால் இரண்டு விதமாக வரும், பிறகு அதற்கு ஒரு விளக்கம் எழுதவேண்டும். அக்காவின் கலியாணப் பதிவும் சேருங்கள், அப்போதுதான் அத்தானின் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியும். உங்கள் கடிதத்தில் இரண்டு வரி: ஒரே ஆளின் பெயர்தான் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கிறது, காரணம் இது. விதானையாரிடம் குடும்பம் பற்றிய ஒரு கடிதம் எடுத்து, டி.எஸ் ஒபிசில், அதாவது பிரதேச செயலகத்தில், மேலொப்பம் வைத்தால் இன்னும் நல்லது.


பழைய காசாளர், மார்ச் 9

பாஸ்போட்டையும் ஒருக்கால் பாருங்கள். கடைசி பத்து வருடத்துக்குள் வழங்கியதாக இருக்கவேண்டும், திரும்பும் நாளில் இருந்து இன்னும் மூன்று மாதமாவது செல்லுபடியாகவேண்டும், இரண்டு பக்கம் வெறுமையாக இருக்கவேண்டும். புதுப்பிக்க முன்பெல்லாம் வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ ஓடினோம். 2025 செப்டெம்பரில் இருந்து எங்கள் யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே, அதாவது மாவட்டச் செயலகத்திலேயே, பாஸ்போட் அலுவலகம் இருக்கிறது, வசதி.

காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையக்கூடாது, ஷெங்கன் முழுவதுக்கும் செல்லவேண்டும். பயணத் திகதி முழுவதையும் மூடவேண்டும். ஒரு நாள் குறைந்து திருப்பி அனுப்பின கதை கேட்டிருக்கிறேன். ரிக்கெற் காசு கொடுத்து எடுக்கவேண்டாம், முன்பதிவு போதும்.


சுன்னாகம் சிங்கம், மார்ச் 9

விமான ரிக்கெற்றைக் காட்டினால் கட்டாயம் தருவார்கள் என்று ஏஜென்சி சொல்கிறதே?


பழைய காசாளர், மார்ச் 9

அவருக்கு ரிக்கெற்றில் கொமிஷன்.


அச்சகத் தம்பி, ஜூன் 24

இன்று கொடுத்துவிட்டேன். வெள்ளவத்தையில் மாமி வீட்டில் இருந்து இதை எழுதுகிறேன்.

நேற்று இரவு பஸ்சில் புறப்பட்டது. கோப்பை மடியிலேயே வைத்திருந்தேன், மேலே தட்டில் வைக்க மனம் வரவில்லை. காலை விண்ணப்ப நிலையத்தில் ஒரு பிள்ளை தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி அடுக்கினது. படம் சரிவராது என்றது. 35க்கு 45 மில்லிமீற்றர் சரி, ஆனால் பின்னணி நீலம். கொக்குவிலில் எடுத்தது. நானே அச்சகக்காரன், நாலு மெஷின் வைத்திருக்கிறேன், கடைசியில் கொழும்பில் அவர்கள் இடத்திலேயே காசு கொடுத்து எடுக்கவேண்டி வந்தது.

பிறகு கைரேகை. இடது கை சரி. வலது கைப் பெருவிரல் ஏறவில்லை. மூன்று தரம் வைத்தும் இயந்திரம் சிவப்பாகவே காட்டினது. அந்தப் பிள்ளை விரலைப் பார்த்துவிட்டு "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டது. மை கழுவக் கழுவ மண்ணெண்ணெயும் தின்னரும் பட்டு, தாள் எண்ணி எண்ணி, ரேகை தேய்ந்துபோய்க் கிடக்கிறது. ஈரத் துணியால் துடைத்து, நாலாம் தரம் அழுத்திப் பிடித்ததும் பச்சை வந்தது. எனக்கு ஏனோ சிரிப்பு வந்தது. தொழில் இருக்கிறது என்று காட்டத்தான் ஆறு மாதம் கடதாசி சேர்த்தேன்.

கடிதம் ஒன்றரைப் பக்கம். முதல் பந்தியிலேயே அக்காவை எழுதினேன். இரண்டாவதில் போன வருடம் செய்த பிழை, காசு எப்படி வந்தது என்பது உட்பட. மூன்றாவதில், செப்டெம்பரில் கோயில் ஒன்றின் மலர் அச்சிட ஒப்புக்கொண்டிருக்கிறேன் என்று அந்தக் கொட்டேஷனும் முற்பணப் பற்றுச்சீட்டும். அதை வைக்கச் சொன்னது மனைவி.


பருத்தித்துறை ரீச்சர், ஜூன் 24

மனைவிக்கு என் பாராட்டு. ஏஜென்சி தொடங்கச் சொல்லுங்கள்.


லாச்சப்பல் பெடியன், ஜூன் 25

15 நாள் என்பது வழமை. மேலதிகமாகப் பார்க்கவேண்டும் என்றால் 45 நாள் வரைக்கும் இழுக்கலாம். சும்மா சும்மா போன் அடிக்கவேண்டாம்.


அச்சகத் தம்பி, ஜூலை 13

கிடைத்துவிட்டது!

ஸ்டிக்கரில் ஒன்று விளங்கவில்லை. நான் கேட்டது 24 நாள். திகதியைப் பார்த்தால் ஓகஸ்ட் 14 முதல் செப்டெம்பர் 21 வரை, 39 நாள். தங்கும் காலம் என்ற இடத்தில் 24. ஒரு தடவை நுழைவு. கூடத் தந்துவிட்டார்களா?


லாச்சப்பல் பெடியன், ஜூலை 13

வாழ்த்துகள் அண்ணை. கூடத் தரவில்லை. அந்த 15 நாள், பயணத் திகதி தள்ளிப்போனால் சமாளிக்க விட்ட சலுகை. நீங்கள் நிற்கக்கூடியது 24 நாள்தான், இறங்குகிற நாளும் ஏறுகிற நாளும் அதற்குள் அடக்கம். எங்கள் ஆட்கள் பலர் கடைசித் திகதியைப் பார்த்து நின்றுவிட்டு மாட்டுப்பட்டிருக்கிறார்கள். இப்போது பாஸ்போட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக, முகமும் கைரேகையும் கணினியில் பதிகிற புது முறை வந்துவிட்டது, 2025 ஒக்டோபரில் தொடங்கினார்கள். ஒரு நாள் கூடினாலும் கணினி தானே காட்டிக்கொடுக்கும்.

அக்காவின் சான்று, காப்புறுதி, திரும்பும் ரிக்கெற், மூன்றின் பிரதியும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டிக்குள் போடவேண்டாம். இறங்கினதும் பொலிஸ் கேட்கலாம்.


சுன்னாகம் சிங்கம், ஜூலை 13

மச்சான் சந்தோஷம். சரி, ஒத்துக்கொள்கிறேன், எழுதினதுதான் நல்லது. ஆனால் உன்னிடம் அச்சகம் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்படியே லண்டனுக்கும் ஓடிப்போய் உன் மாமாவைப் பார்த்துவிட்டு வாவேன். ரெயிலில் இரண்டரை மணித்தியாலம்தானே.


பருத்தித்துறை ரீச்சர், ஜூலை 13

ஐயோ சிங்கம், ஆளை மாட்டிவிடப் போகிறீர். லண்டனுக்கு வேறு விசா, அயர்லாந்துக்கும் வேறு. அதை எடுத்துக்கொண்டு போனாலும், ஒரு தடவை நுழைவு என்பதால் ஷெங்கனை விட்டு வெளியே கால் வைத்தால் திரும்பப் பாரிசுக்குள் வரமுடியாது. ஜேர்மனிக்கு, சுவிசுக்கு என்றால் பிரச்சினை இல்லை. நாள் இருந்தால் ஜேர்மனியில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்மனைப் பார்த்துவிட்டு வாருங்கள் தம்பி, கோபுரத்தைக் கண்டால் ஊர் ஞாபகம் வரும். ஆனால் கூடுதல் நாள் பிரான்சில் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், அது மாறக்கூடாது.


அச்சகத் தம்பி, ஓகஸ்ட் 10

கடைசிக் கேள்வி, பிறகு தொல்லை தரமாட்டேன். அம்மா பெட்டி அடுக்கத் தொடங்கிவிட்டார். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் பத்து, வீட்டு நெய் ஒரு போத்தல், பாரைக் கருவாடு, ஒடியல் மா, முருங்கைக்காய், தேங்காய் இரண்டு. அக்கா கேட்டது மாம்பழமும் கருவாடும். எதைக் கொண்டு போகலாம்?


லாச்சப்பல் பெடியன், ஓகஸ்ட் 10

நெய் கூடாது, பால் சம்பந்தப்பட்ட எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரக்கூடாது. இறைச்சியும் அப்படித்தான். மீன் வகைக்கு ஆளுக்கு 20 கிலோ வரைக்கும் அனுமதி, ஆகவே கருவாடு வரலாம். ஆனால் நாலு பொலித்தீன் சுற்றுங்கள், பக்கத்தில் வருகிற பெட்டிக்காரர் பாவம். மாம்பழத்துக்கும் முருங்கைக்காய்க்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும், இல்லாவிட்டால் பறித்துவிடுவார்கள். சான்றிதழ் இல்லாமல் விடுகிற பழம் ஐந்தே ஐந்து: வாழை, அன்னாசி, டூரியன், பேரீச்சை, தேங்காய்.


அச்சகத் தம்பி, ஓகஸ்ட் 10

அம்மாவிடம் சொன்னேன். "தேங்காய் அங்கே கடையிலேயே வாங்கலாமே, மாம்பழத்தை ஏனாம் மறிக்கிறார்கள்" என்று கேட்கிறார். பத்து மாம்பழத்தையும் இப்போது வெட்டிக்கொண்டிருக்கிறார், அக்காவுக்கு வீடியோவில் காட்டிக்கொண்டு.